இறுதி மணித்தியாலத்துக்கான பயிற்சி

2015 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 28 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள ஓபர்ன் என்னும் சிறுநகரின் உயர்நிலைப் பாடசாலை மைதானத்தில் மக்கள் திரண்டு நிற்கின்றனர். முற்பகல் 11 மணியாவதற்கு இன்னும் சில நிமிடங்களே எஞ்சியிருக்கின்றன. அவ்வேளையில் ஒரு மூதாட்டி மைதானத்தை நோக்கி ஓடி வருகின்றார். பெயர் குன்ஹில்ட் சுவான்சன். வயது 70. முன்தினம் அதிகாலை 5 மணிக்குப் புறப்பட்டவர், ஒரு பகலையும் ஓர் இரவையும் மலைப் பாதையிலேயே கழித்து, 161 கிலோமீற்றர் தூரத்தின் இறுதிக்கு வந்திருக்கின்றார். சரியாக 11 மணிக்குப் பந்தயம் முடிவடையும். அதன்பின் ஒரு செக்கன் பிந்தினாலும் ஓட்டத்தை நிறைவு செய்தோரின் பட்டியலில் அவருடைய பெயர் இடம்பெறாது.

அன்பார்ந்த வாசகர்களே! அவர் உரிய வேளைக்குள் எல்லைக் கோட்டைக் கடந்தாரா என்பதைப் பின்னர் காண்போம். அதற்கு முன் நாம் கேட்க வேண்டிய வினா வேறொன்று. எழுபது வயதான ஒருவரை முப்பது மணித்தியாலம் தொடர்ந்து செல்ல வைத்தது எது? உடற்பலம் என்போம், மனவுறுதி என்போம். இரண்டும் உண்மையே. ஆனால் இவ்விரண்டையும் உருவாக்கியது நீண்ட காலப் பயிற்சியாகும். அப்பயிற்சியோ நாம் எண்ணுவது போன்றதன்று. வேகமாக ஓடுவதைவிட மெதுவாகச் செல்வதையும், ஏறுவதோடு இறங்குவதையும், உழைப்பதோடு ஓய்ந்திருப்பதையும் அது கற்பிக்கின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, திட்டமிட்டதெல்லாம் குலைந்துபோகும் ஒரு வேளைக்கு அது மனிதனை ஆயத்தப்படுத்துகின்றது.

குதிரையின் பாதையில் மனிதன்

மரதன் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீற்றர் என்பதை அறிவோம். அதனிலும் கூடிய தூரத்தைக் கொண்ட ஓட்டங்கள் அல்ட்ரா மரதன் என அழைக்கப்படுகின்றன. இவற்றுள் பல, தார் வீதிகளை விட்டு விலகி, காட்டுப் பாதைகளிலும் மலைச் சரிவுகளிலும் நடைபெறுகின்றன. மேற்சொன்ன ஓட்டத்தின் பெயர் 'வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் 100'. சியரா நெவாடா மலைத்தொடரில் ஒலிம்பிக் பள்ளத்தாக்கில் தொடங்கி ஓபர்னில் முடிவடையும் இவ்வோட்டத்தின் தூரம் 100 மைல்.

உண்மையில் இப்பாதை முதலில் குதிரைகளுக்கு உரியதாகவே இருந்தது. 100 மைல் தூரத்தை ஒரே நாளில் குதிரை கடக்குமா என்பதைச் சோதிக்கும் டெவிஸ் கோப்பைப் போட்டி அங்கே நடைபெற்று வந்தது. அதில் பங்குபற்றிய கோர்டி எய்ன்ஸ்லி என்பவரின் குதிரை 1973 ஆம் ஆண்டில் நொண்டத் தொடங்கியதால் அவர் இடைவழியில் விலக நேர்ந்தது. மறு ஆண்டு அவர் குதிரையின்றித் தம் கால்களை நம்பியே புறப்பட்டார். கடும் வெப்பத்தின் நடுவே 23 மணித்தியாலம் 42 நிமிடங்களில் ஓபர்னை அடைந்தார்.

1977 இல் மனிதருக்கான முதலாவது போட்டி நடந்தது. 14 பேர் புறப்பட்டனர், மூவரே முடித்தனர். ஒருவர் 24 மணித்தியாலத்துக்குள் வந்தார். மற்றைய இருவரும் ஒன்றாக 28 மணித்தியாலம் 36 நிமிடங்களில் வந்து சேர்ந்தனர். அவ்விருவரில் ஒருவர், உடலுழைப்பு இருதய நோயைக் குறைக்கின்றது என்பதைத் தம் ஆய்வுகளால் எடுத்துக்காட்டிய மருத்துவ அறிஞர் ரால்ப் பஃபென்பார்கர் ஆவார். பிந்தி வந்த அவ்விருவரின் காரணமாகவே 30 மணித்தியாலம் என்னும் புதிய எல்லை உருவானது. பிந்தியவர்களைப் புறந்தள்ளுவதற்குப் பதிலாக, வாசலைச் சற்று அகலமாகத் திறந்துவிட்டார்கள். அந்த வாசல் வழியாகவே 38 ஆண்டுகளின் பின் சுவான்சன் அம்மையார் ஓடி வந்தார்.

மெதுவாகச் செல்லக் கற்றல்

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 161 கிலோமீற்றரை 30 மணித்தியாலத்தால் வகுத்தால், மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 5.4 கிலோமீற்றர் வருகின்றது. அது விரைந்து நடக்கும் ஒருவரின் வேகமே. ஆகவே, இவ்வோட்டத்தில் பெரும்பாலோரைத் தோற்கடிப்பது வேகக்குறைவு அன்று. தொடக்கத்தில் காட்டும் மிகை வேகமே.

இதற்கான காரணம் நம் உடலின் அமைப்பிலேயே உண்டு. விரைந்து ஓடும்போது உடல் பெரும்பாலும் மாச்சத்தின் சேமிப்பையே எரிக்கின்றது. கிளைக்கோசன் எனப்படும் அச்சேமிப்பு ஈரலிலும் தசைகளிலும் ஏறத்தாழ 2000 கலோரி அளவிலேயே உள்ளது. முப்பது கிலோமீற்றர் அளவில் அது தீர்ந்துபோகலாம். மெதுவாகச் செல்லும்போதோ உடல் கொழுப்பை அதிகமாகப் பயன்படுத்துகின்றது. மெலிந்த மனிதரிடத்தும் பல்லாயிரம் கலோரி அளவு கொழுப்பு உண்டு. பல மாதங்கள் பொறுமையோடு நீண்ட தூரம் மெதுவாக ஓடுகின்றவரின் தசைகளில் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் நுண்ணிய குருதிக் குழாய்கள் பெருகுகின்றன. சக்தியைப் பிறப்பிக்கும் இழைமணிகளும் பெருகுகின்றன. கண்ணுக்குத் தெரியாத இம்மாற்றங்களே இறுதி மணித்தியாலத்தில் கைகொடுப்பவை.

எனவே, பயிற்றுவிப்பாளர்கள் புதியவர்களுக்கு ஓர் எளிய அளவுகோலைக் கொடுக்கின்றனர்: ஓடும்போது அருகில் வருபவரோடு முழு வாக்கியங்களில் உரையாட முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். செபமாலை சொல்லிப் பழகிய நமக்கு இதைச் சொல்வது இன்னும் இலகு. ஒரு மங்கள வார்த்தைச் செபத்தை மூச்சு முட்டாமல் சொல்லி முடிக்க முடிகின்றதா? அதுவே ஏற்ற வேகம். செங்குத்தான ஏற்றங்களில் தேர்ச்சி பெற்ற வீரர்களும் நடக்கின்றனர். அதை ஒருவரும் வெட்கமாக எண்ணுவதில்லை.

ஆன்மீக வாழ்விலும் நாம் தவறுவது பெரும்பாலும் இவ்விடத்திலேயே. தியானம் முடிந்து வீடு திரும்பிய முதற்கிழமையில் விடியற்காலை எழுந்து ஒரு மணித்தியாலம் செபிக்கின்றோம். திருவிவிலியத்தை அதிகாரம் அதிகாரமாக வாசிக்கின்றோம். மூன்றாம் கிழமையில் அந்நூல் அலுமாரிக்குள் போய்விடுகின்றது. நாள்தோறும் பத்து நிமிடம் என்று தொடங்கியிருந்தால் அது பத்து ஆண்டுகள் நிலைத்திருக்கக் கூடும். சிறிதாகத் தொடங்குவது பக்திக் குறைவன்று. அது நெடும்பயணத்தின் இலக்கணம்.

இறங்கக் கற்றல்

ஓபர்ன் ஓட்டத்தின் மொத்த ஏற்றம் ஏறத்தாழ 5500 மீற்றர். இறக்கமோ அதனிலும் கூடுதலாக ஏறத்தாழ 7000 மீற்றர். இதைக் கேட்பவர், அப்படியானால் இவ்வோட்டம் இலகுவாயிற்றே என்று எண்ணலாம். அனுபவசாலிகள் அவ்வாறு எண்ணுவதில்லை. ஏறும்போது மூச்சு வாங்கும். ஆயினும் தசைகள் பெரிதாகச் சிதைவதில்லை. இறங்கும்போதோ தொடையின் முன்புறத் தசைகள் நீண்டுகொண்டே உடலின் முழுப் பாரத்தையும் தாங்கித் தடுக்க வேண்டியுள்ளது. ஒவ்வோர் அடியிலும் தசைநார்களில் நுண்ணிய காயங்கள் உண்டாகின்றன. முதல் எண்பது கிலோமீற்றரில் சரிவுகளில் பாய்ந்து இறங்கியவர்கள் பிற்பகுதியில் ஒரு சிறு கல்லைத் தாண்டவும் இயலாமல் நிற்பதுண்டு.

இதற்கும் மருந்து பயிற்சிதான். இறக்கத்தில் ஓடி ஒருமுறை நொந்து ஆறிய தசை, அடுத்த சில வாரங்களில் அதே வேலையைச் செய்யும்போது முன்போல் நோவதில்லை. நோவின் வழியாகவே அது காப்பைப் பெறுகின்றது. ஆகவேதான் ஓட்டத்துக்கு முந்திய மே மாத இறுதியில், அப்பாதையின் கடைசி 70 மைல்களையும் மூன்று நாட்களில் ஓடிப் பழகும் பயிற்சி முகாம் நடத்தப்படுகின்றது. முதல் நாள் 32 மைல். அடுத்த நாள் 19. மூன்றாம் நாள் 20. நேற்றைய களைப்போடு இன்றைய ஓட்டத்தைத் தொடங்குவதே இதன் உட்பொருள். வெப்பத்தால் கொதிக்கும் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளுக்குள் இறங்கி ஏறி, கால்கள் அப்பாதையை அறிந்துகொள்கின்றன.

அன்பார்ந்தவர்களே! நம் பிள்ளைகளுக்கு நாம் ஏறுவதற்கு மட்டுமே பயிற்சி கொடுக்கின்றோம். பரீட்சையில் ஏற்றம், பதவியில் ஏற்றம், வருமானத்தில் ஏற்றம். ஆனால் எல்லா மனிதருக்கும் இறங்கும் காலம் உண்டு. ஓய்வு பெற்ற மறுநாள் தம்மைத் தேடி ஒருவரும் வராததைக் காணும் அதிகாரி, நோயினால் கட்டிலோடு ஒடுங்கிய தாய், பிறரைத் தாங்கி நின்று இன்று பிறர் கையால் உண்ணும் முதியவர் ஆகியோரின் வேதனையை நாம் அறிவோம். உருமாறிய ஆண்டவரின் மகிமையைக் கண்ட சீடர்களும் மலையுச்சியிலேயே கூடாரம் அமைக்க விரும்பினர். ஆண்டவரோ அவர்களைக் கீழே அழைத்து வந்தார். அடிவாரத்தில் நோயுற்ற மகனோடு ஒரு தந்தை காத்திருந்தார். சிறு விட்டுக்கொடுப்புகளிலும் சிறு தோல்விகளிலும் இன்றே இறங்கிப் பழகியவருக்கு, நாளைய பெரிய இறக்கம் தாங்கிக்கொள்ளக் கூடியதாகும்.

உண்ணவும் உறங்கவும் கற்றல்

பயிற்சியின்போது உடல் வலுப்பெறுகின்றது என்று நாம் நினைக்கின்றோம். உண்மை அதுவன்று. பயிற்சியின்போது உடல் தளர்கின்றது, ஓய்வின்போதே வலுப்பெறுகின்றது. ஓட்டம் உண்டாக்கிய நுண்காயங்களை ஆற்றி, முன்னிலும் உறுதியாகக் கட்டியெழுப்பும் வேலை உறக்கத்திலும் ஓய்விலும் நடைபெறுகின்றது. எனவே, மூன்று கிழமைகள் தூரத்தைக் கூட்டினால் நான்காம் கிழமை குறைப்பது பலரின் வழக்கம். போட்டிக்கு முந்திய இரண்டு மூன்று கிழமைகளில் ஓட்டத்தைப் பெருமளவு குறைத்துவிடுகின்றனர். செய்யாமல் விட்டதையெல்லாம் கடைசி நாட்களில் செய்து முடிக்கலாம் என்று முயல்பவர், களைத்த கால்களோடு புறப்பட நேரிடும்.

உணவும் அவ்வாறே. ஓடிக்கொண்டே உண்பதற்கு வயிற்றைப் பழக்க வேண்டும். பசித்தபின் உண்ணலாம் என்றிருந்தால் காலம் கடந்துவிடும். வெப்பத்தில் வயிறு உணவை ஏற்க மறுக்கும். தண்ணீரிலும் அளவு வேண்டும். அளவுக்கு மிஞ்சிய நீர் குருதியிலுள்ள சோடியத்தைக் குறைத்து உயிருக்கே ஆபத்தை விளைவிக்கலாம். வலி நிவாரணி மாத்திரைகளை விழுங்கி ஓடுவது சிறுநீரகங்களுக்குக் கேடாகலாம். உடல் தரும் எச்சரிக்கையை அடக்கிவிடுவது வீரமாகாது. ஆகவே, இத்தகைய ஓட்டங்களை நாடும் இளைஞர்கள் மருத்துவரின் ஆலோசனையின்றியும் பல மாத ஆயத்தமின்றியும் இறங்குவது தகாது.

இவற்றையெல்லாம் சிந்திக்கும்போது முதலாம் அரசர்கள் நூலின் 19 ஆம் அதிகாரம் நினைவுக்கு வருகின்றது. ஈசபேலுக்கு அஞ்சி ஓடிய எலியா, பாலைநிலத்தில் ஒரு சூரைச் செடியின் கீழ் அமர்ந்து, சாவை வேண்டுகின்றார். பெரும் வெற்றி பெற்ற இறைவாக்கினரே இவ்வாறு சோர்ந்து கிடக்கின்றார். ஆண்டவர் அனுப்பிய தூதர் என்ன செய்தார்? கண்டிக்கவில்லை, அறிவுரை கூறவில்லை. சுட்ட அப்பத்தையும் ஒரு குவளைத் தண்ணீரையும் வைத்து, எழுந்து உண்ணச் சொன்னார். எலியா உண்டு, குடித்து, மறுபடியும் உறங்கினார். தூதர் இரண்டாம் முறையும் வந்து உணவு கொடுத்தார். செல்ல வேண்டிய வழி அவருடைய வலிமைக்கு மிஞ்சியது என்பதை நினைவூட்டினார். அதன் பின்னரே நாற்பது நாள் நடையும் ஓரேபு மலையும்!

நம் வீட்டிலும் பங்கிலும் சோர்ந்து கிடக்கும் ஒருவருக்கு நாம் முதலில் கொடுப்பது என்ன? பெரும்பாலும் அறிவுரை. அவர் உண்டாரா, உறங்கினாரா என்று கேட்க மறந்துவிடுகின்றோம்.

வழி தவறிய பின்னர்

2016 ஆம் ஆண்டு அதே ஓட்டத்தில் ஜிம் வோம்ஸ்லி என்னும் 26 வயது இளைஞர் எல்லோருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். போட்டிச் சாதனையை முறியடிக்கும் வேகம். 150 கிலோமீற்றரை அண்மித்த வேளையில், இடப்புறம் திரும்ப வேண்டிய ஓரிடத்தைக் கவனியாமல் கடந்துவிட்டார். தவற்றை உணர்ந்தபோது வெற்றி கைநழுவிப் போயிருந்தது. அவர் விலகிச் சென்றிருக்கலாம். ஆனால் பாதைக்குத் திரும்பி, பெரும்பாலும் நடந்தே சென்று, 20 ஆம் இடத்தில் ஓட்டத்தை முடித்தார். மறு ஆண்டு வேறொரு சோதனை. வெப்பத்திலும் வயிற்று உபாதையிலும் சோர்ந்து இடைவழியில் விலகினார். 2018 இல் வென்றார். 2019 இல் 14 மணித்தியாலம் 9 நிமிடம் 28 செக்கனில் முடித்துச் சாதனை படைத்தார். பின்னர் ஐரோப்பாவின் மோன் பிளாங் மலையைச் சுற்றி நடைபெறும் ஓட்டத்துக்காகப் பிரான்சின் மலைப்பகுதிக்கே குடிபெயர்ந்து பயிற்சி செய்து, 2023 இல் அதையும் வென்றார்.

2015 ஆம் ஆண்டின் அந்த ஞாயிறு காலைக்கு இப்போது திரும்புவோம். சுவான்சன் அம்மையாருக்கும் இவ்வாறே நேர்ந்தது. ஓட்டத்தின் பிற்பகுதியில் தவறான பாதையொன்றில் இறங்கிவிட்டு, மீண்டும் மேலேறி வர வேண்டியதாயிற்று. சேமித்து வைத்திருந்த நேரம் அவ்விடத்தில் கரைந்துபோனது. எழுபது வயது, உறக்கமற்ற இரவு, வீணாகிப் போன நேரம். அங்கேயே ஒரு கல்லில் அமர்ந்து, இனி முடியாது என்று அவர் கூறியிருந்தால் யார் குறை சொல்லியிருப்பர்? அவர் அமரவில்லை. கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கவும் இல்லை. திரும்பினார், ஓடினார்.

ஒப்புரவு அருட்சாதனத்துக்கு நெடுங்காலத்தின் பின் வருபவர்கள் அடிக்கடி கூறும் ஒரு சொல் உண்டு: "இனி என்ன பயன் சுவாமி? காலம் போய்விட்டது." இருபது ஆண்டுகள் பேசாத சகோதரன், மதுவினால் குடும்பத்தை இழந்த தந்தை, இளமையில் இறைவனை மறந்த முதியவர் ஆகியோர் எல்லோருடைய ஏக்கமும் இச்சொல்லில் அடங்கும். வழி தவறியது உண்மைதான். இழந்த நேரம் மீண்டும் வராது என்பதும் உண்மைதான். ஆனால் திரும்புவதற்கான நேரம் தீர்ந்துவிட்டது என்று யார் சொன்னது?

அந்த ஆறு செக்கன்கள்

ஓபர்ன் நகருக்குள் நுழையும் இடத்தில் ஒருவர் அம்மையாரோடு சேர்ந்து ஓடத் தொடங்கினார். அவர் ரொப் க்ரார். அவ்வாண்டின் வெற்றியாளர். 14 மணித்தியாலம் 48 நிமிடங்களில் ஓட்டத்தை முடித்து, முன்தினம் இரவே வெற்றியைப் பெற்றுவிட்டவர். காலில் சாதாரணச் செருப்போடு, இறுதி இரண்டு கிலோமீற்றரளவும் அவர் அம்மையாரின் அருகே ஓடினார். எல்லோருக்கும் முன்னால் வந்தவர், கடைசியாக வந்து கொண்டிருப்பவரைத் தேடி வந்தார்.

மைதானத்தில் ஆரவாரம் வானைப் பிளந்தது. அம்மையார் எல்லைக் கோட்டைக் கடந்தபோது கடிகாரம் காட்டிய நேரம் 29 மணித்தியாலம் 59 நிமிடம் 54 செக்கன். எஞ்சியிருந்தவை ஆறு செக்கன்கள்! எழுபது வயதைக் கடந்த பெண்ணொருவர் அவ்வோட்டத்தை உரிய நேரத்துக்குள் நிறைவு செய்தது அதுவே முதல் தடவை. ஆண்டுதோறும் வெற்றியாளர் வரும் வேளையைவிட, இந்த இறுதி மணித்தியாலத்திலேயே அங்கு பெருங்கூட்டம் கூடுகின்றது. சில நூறு ஓட்டக்காரருக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள் காட்டிலும் ஆற்றங்கரையிலும் இரவெல்லாம் விழித்திருந்து உணவும் நீரும் கொடுக்கின்றனர். தனியாக ஓடுகின்றவர் அங்கே உண்மையில் ஒருவரும் இல்லை.

விளையாட்டுகளுக்குப் பெயர்பெற்ற கொரிந்து நகரத்தாருக்கு எழுதியபோது, புனித பவுல் ஓட்டப் பந்தயத்தையும் வாடிப்போகும் முடியையும் எடுத்துக்காட்டினார். ஆனால் தம் வாழ்வின் அந்தியில் திமொத்தேயுவுக்கு எழுதும் இரண்டாம் திருமுகத்தில், தாம் முதலிடம் பெற்றதாக அவர் கூறவில்லை. ஓட்டத்தை முடித்துவிட்டதாகவே கூறுகின்றார். ஒரு காலத்தில் திருச்சபையைத் துன்புறுத்தி, முற்றாக வழி தவறிச் சென்று, தமஸ்கு வீதியில் திரும்பியவர் அவர். முடித்தல் என்பதன் பொருளை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

அன்பார்ந்த வாசகர்களே! இந்தக் கிழமை நாம் இரண்டு காரியங்களைச் செய்யலாம். விட்டுப்போன ஒரு நல்ல பழக்கத்தை, ஒரு செபத்தை, ஒரு சமாதானப் பேச்சை, மிகச் சிறிய அளவில் மறுபடியும் தொடங்கலாம். மற்றையது: நமக்குப் பின்னால் தள்ளாடி வரும் ஒருவரைக் கண்டால், நம் ஓட்டம் முடிந்ததென்று இருந்துவிடாமல், காலில் கிடக்கும் செருப்போடு எழுந்து சென்று அவரோடு சிறிது தூரம் ஓடலாம். அவருக்கு எஞ்சியிருப்பவை ஆறு செக்கன்களாகவும் இருக்கலாம். அவை போதுமானவை.